நியூஸ் சேனல் டெஸ்க் வேலைக்குப் போகலாமா, உள்ள என்னதான் நடக்குது?

விஸ்காம் முடிச்ச தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். ஒரு தமிழ் நியூஸ் சேனல்ல புரொடக்‌ஷன் ஜர்னலிஸ்ட் வேலைக்கு கூப்பிட்டிருக்காங்களாம், அவருக்கு மைக் புடிச்சு ரிப்போர்ட்டர் ஆகணும்னு ஆசை, இது ஆபீஸ்லயே உட்கார்ற வேலைன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களாம், போகலாமா, அங்க என்ன பண்ணச் சொல்வாங்கன்னு. நான் 2011-ல இருந்து டெஸ்க்லதான் இருக்கேன், மூணு சேனல் பார்த்தாச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பேர் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். புரொடக்‌ஷன் ஜர்னலிஸ்ட்ங்கிற பேர் வெளிநாட்டு சேனல்கள்லதான் அதிகம் புழங்கும். நம்ம ஊர்ல ஐடி கார்டுல சப் எடிட்டர், சீனியர் சப், அசிஸ்டென்ட் புரொட்யூசர், புல்லட்டின் புரொட்யூசர்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். வேலை ஏறக்குறைய ஒண்ணுதான், வெளிய இருந்து வர்ற சேதியை வாங்கி, சரிபார்த்து, எழுதி, விஷுவல் வெட்ட வச்சு, வரிசைப்படுத்தி ஸ்டுடியோ வரைக்கும் கொண்டு போய் சேர்க்குறது. சென்னை தூர்தர்ஷன் 1975-ல வந்துச்சு, சன் டிவி 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு ஆரம்பிச்சுது, அப்பெல்லாம் செய்தின்னா ஒரு நாளைக்கு குறிப்பிட்ட சில நேரம் மட்டும்தான். சன் நியூஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு நியூஸ் சேனல் முன்னாடியே இருந்தாலும், 2011-ல புதிய தலைமுறை, 2012-ல தந்தி டிவி, 2014-ல நியூஸ்7 தமிழ், 2016-ல நியூஸ்18 தமிழ்நாடுன்னு வரிசையா வந்தப்போதான் டெஸ்க் ஆளுங்களுக்கு இவ்வளவு தேவை வந்துச்சு. ராத்திரி மூணு மணிக்கும் யாரோ ஒருத்தர் முழிச்சு உட்கார்ந்து எழுதணும்ல.

நியூஸ் ரூமை ரெண்டா பிரிச்சுப் பாருங்க, இன்புட், அவுட்புட். இன்புட் டெஸ்க் ரிப்போர்ட்டர்களையும் மாவட்ட செய்தியாளர்களையும் பார்த்துக்கும், யாரை எங்க அனுப்புறது, லைவ் யாருக்கு, லைவ் அனுப்புற பேக்பேக் கருவி எந்தப் பக்கம் போகுது, எல்லாம் அங்க. அவுட்புட்தான் நீங்க போகப்போற இடம். 38 மாவட்டத்துல இருந்தும் சேதி வரும், பெரும்பாலும் ஸ்ட்ரிங்கர்னு சொல்ற உள்ளூர் செய்தியாளர் ஒருத்தர் வாட்ஸப்ல 40 செகண்ட் வீடியோ, ஒரு வாய்ஸ் நோட்டு, மூணு வரி எழுத்து, அவ்வளவுதான். அந்த மூணு வரியில "ஆத்தூர் அருகே பேருந்து கவிழ்ந்து விபத்து"ன்னு இருந்துச்சுன்னு வைங்க, நீங்க என்ன பண்ணுவீங்க?

இது எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாசம், சாயங்கால ஷிஃப்ட், வீடியோவை வேற யாரோ ஃபார்வர்ட் பண்ணாங்க, நான் ஆத்தூர்னதும் சேலம் ஆத்தூர்னு நினைச்சு மேப் கிராஃபிக்ஸ் கேட்டு வாங்கி, ஸ்கிரீன்ல கீழ வர்ற எழுத்து, அதாவது சூப்பர்லயும் சேலம்னு போட்டு அனுப்பிட்டேன். தூத்துக்குடி மாவட்டத்துலயும் ஆத்தூர் இருக்கு, திண்டுக்கல்லயும் ஒரு ஆத்தூர் இருக்கு, அது ஒரு சட்டமன்றத் தொகுதியும்கூட. விபத்து நடந்தது தூத்துக்குடி பக்கம். நாலு நிமிஷம் அந்த கார்டு ஓடுச்சு. அதுக்குள்ள ரிசப்ஷனுக்கு ஒரு அம்மா போன் பண்ணிட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் அந்த நேரத்துல சேலத்துல இருந்து ஆத்தூர் பஸ்ல வந்துட்டு இருக்காராம், போன் எடுக்கலையாம். லைனை எனக்கே குடுத்தாங்க. "தம்பி எந்த பஸ்ஸு, கவர்மென்ட் பஸ்ஸா பிரைவேட்டா, அது மட்டும் சொல்லுங்க தம்பி"ன்னு அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அம்மா தப்பு எங்களோடது, உங்க பக்கம் விபத்து எதுவும் இல்லன்னு சொன்னதும் அவங்க திட்டக்கூட இல்ல, அழுதுட்டு வச்சுட்டாங்க. அன்னையில இருந்து ஊர் பேர் வந்தா மாவட்டம் கேட்காம ஒரு எழுத்து அடிக்கறதில்ல. திருப்பத்தூர் சிவகங்கையிலயும் இருக்கு, 2019-ல உருவான திருப்பத்தூர் மாவட்டமும் இருக்கு, ரெண்டும் தொகுதிப் பேரும் கூட, எலக்‌ஷன் ரிசல்ட் அன்னைக்கு 234 தொகுதி நம்பர் ஓடும்போது இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா நிலைமை என்னன்னு யோசிச்சுக்கோங்க.

நான் இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, ரிப்போர்ட்டர் தப்பு பண்ணா டெஸ்க் புடிக்கும், ஸ்ட்ரிங்கர் தப்பு பண்ணா டெஸ்க் புடிக்கும், டெஸ்க் தப்பு பண்ணா அதுக்கப்புறம் புடிக்க ஆள் கிடையாது, ஆங்கர் கேமரா முன்னாடி ஓடுற எழுத்துத் திரை, அதாவது பிராம்ப்டர்ல இருக்குறதைத்தான் படிப்பாங்க, நேரா வீட்டுக்குள்ள போயிடும். கடைசிக் கை நம்ம கை. இந்த வேலையோட கனம் முழுக்க அங்கதான் இருக்கு, ஸ்பீடா டைப் பண்றது, சாஃப்ட்வேர் தெரியறது எல்லாம் ரெண்டு மாசத்துல வந்துடும்.

இப்ப எழுத்து. இதுலதான் நான் நிறைய நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழிக்கணும். பேப்பர்ல எழுதுற தமிழ் டிவிக்கு ஆகாது. நம்ம மொழியில வினைச்சொல் கடைசியிலதான் வரும், பேப்பர் படிக்கறவர் புரியலன்னா கண்ணை மேல கொண்டு போய் மறுபடி படிச்சுக்குவார், கேக்கறவருக்கு அந்த வசதி கிடையாது, கடைசிச் சொல் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் மனசுல தாங்கிட்டு இருக்கணும். உதாரணத்துக்கு ஒரு அறிக்கை இப்படி வரும்: "காவிரி டெல்டா மாவட்டங்களின் பாசனத்திற்காக மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 8,000 கன அடி வீதம் திறந்துவிடப்பட்டு வந்த தண்ணீரின் அளவு இன்று மாலை முதல் 12,000 கன அடியாக அதிகரிக்கப்பட்டுள்ளதாக நீர்வளத்துறை அதிகாரிகள் தெரிவித்துள்ளனர்". இதை அப்படியே ஆங்கர்கிட்ட குடுத்தா நடுவுல மூச்சு வாங்குவாங்க, கேக்கறவருக்கு 8,000 ஞாபகம் இருக்காது. நான் இப்படி மாத்துவேன்: "மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பு அதிகரிக்கப்பட்டுள்ளது. இதுவரை விநாடிக்கு எட்டாயிரம் கன அடி திறக்கப்பட்டது. மாலை முதல் பன்னிரண்டாயிரம் கன அடி." மூணு வாக்கியம், ஒவ்வொண்ணும் தன் காலிலேயே நிக்கும், ரெண்டாவது வாக்கியத்துக்கு அணையோட விஷுவல், மூணாவதுக்கு மதகு திறக்குற குளோஸப். யார் சொன்னதுங்கிறதை கீழ சூப்பர்ல போட்டுக்கலாம், ஆனா சொன்ன விஷயத்துல சண்டை இருந்துச்சுன்னா, ஒரு கட்சி இன்னொரு கட்சி மேல சொல்ற குற்றச்சாட்டுன்னா, அப்ப யார் சொன்னாங்கன்னு முதல்லயே சொல்லிடணும், இல்லன்னா சேனலே சொன்ன மாதிரி ஆயிடும்.

நம்பரை பிராம்ப்டர்ல எழுத்தால அடிக்கணும், இது ஒரு சின்ன விஷயம் மாதிரி தெரியும். 12,470-னு அடிச்சா ஆங்கர் ஓட்டத்துல ஒரு நொடி தடுமாறுவாங்க, அந்த ஒரு நொடியில நம்பர் மாறிப்போகும். விநாடிக்கு இத்தனை கன அடிங்கிறதுக்கும் டிஎம்சிக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, முன்னது தண்ணி ஓடுற வேகம், பின்னது தேங்கி நிக்கிற அளவு, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. மேட்டூரோட முழு உயரம் 120 அடி, முழு கொள்ளளவு 93.47 டிஎம்சி. 2015 டிசம்பர் வெள்ளத்துல செம்பரம்பாக்கம்ல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்கன்னு சொல்றோம்ல, அதை யாராவது அவசரத்துல டிஎம்சின்னு அடிச்சா எவ்வளவு பெரிய பீதி கிளம்பும்னு பாருங்க, அந்த ஏரியோட மொத்தக் கொள்ளளவே 3.6 டிஎம்சிதான். இங்கிலீஷ்ல நொடிக்கு மூணு வார்த்தைன்னு கணக்கு சொல்லிக்குடுப்பாங்க, தமிழ்ல வார்த்தை நீளம், என் அனுபவத்துல நொடிக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வச்சா ஆங்கர் ஓட ஆரம்பிச்சுடுவாங்க, அதனால 30 செகண்ட் விஷுவலுக்கு 55 வார்த்தை, அதுக்கு மேல போகாதீங்க.

ரன்டவுன்னு ஒண்ணு இருக்கும், புல்லட்டின்ல எது முன்ன, எது பின்னங்கிற வரிசைப் பட்டியல், உங்க உலகமே அதுதான். ஐநியூஸ், ஈஎன்பிஎஸ், ஆக்டோபஸ்னு ஆபீஸுக்கு ஆபீஸ் சாஃப்ட்வேர் மாறும், உள்ள பார்த்தா எல்லாம் ஒரே கட்டங்கள்தான், வரிசை எண், ஸ்டோரி பேர், எந்த வடிவம், ஆங்கர் படிச்சு விஷுவல் ஓடுறதா, பைட், அதாவது பேட்டித் துண்டு இருக்கா, ரிப்போர்ட்டர் குரலோட முழு பேக்கேஜா, எத்தனை செகண்ட், கடைசியா மொத்தக் கணக்கு. அரை மணி நேர புல்லட்டின்ல விளம்பரம் போக 22 நிமிஷம் மாதிரி கையில கிடைக்கும். ஏழு மணி புல்லட்டினுக்கு அஞ்சரை மணிக்கே வரிசை போட்டுடுவோம், ஆனா ஆறே முக்காலுக்கு அந்த வரிசை அப்படியே இருந்த நாள் ரொம்பக் குறைவு.

6:58-க்கு பிசிஆர்ல, அதாவது ஒளிபரப்பை இயக்குற கன்ட்ரோல் ரூம்ல என்ன இருக்கும்னு ஒரு நாளை மட்டும் சொல்றேன். இருட்டு ரூம், எதிர்ல வரிசையா மானிட்டர், ஏசி குளிர்ல எல்லாரும் ஸ்வெட்டர். விஷுவல் ரெடின்னா ரன்டவுன்ல பச்சை காட்டும், ஹெட்லைன்ஸ் அஞ்சுல நாலுக்கு பச்சை வந்துடுச்சு, அஞ்சாவது இன்னும் எடிட்ல ரெண்டர் ஆகிட்டு இருக்கு. டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கறார், நான் எடிட்டருக்கு போன்ல, "அண்ணே எவ்வளவு?" "தொண்ணூறு பர்சன்ட்". ஆங்கர் காதுல டாக்பேக்ல சொல்றேன், "மேடம், அஞ்சாவது ஹெட்லைன் டவுட், வரலைன்னா நாலோட முடிச்சு வணக்கம் சொல்லிடலாம்". அவங்க கேமராவைப் பார்த்தபடியே லேசா தலையாட்டறாங்க. டைட்டில் மியூசிக் ஓடுது. மூணாவது ஹெட்லைன் படிக்கும்போது அஞ்சாவது பச்சையாகுது, "இருக்கு, படிங்க". இதுக்குள்ள இன்புட்ல இருந்து ஒருத்தர் கதவைத் திறந்துட்டு, திருச்சி லைவ் ரெடின்னு கத்தறார், அதுக்கு ரெண்டு நிமிஷம் வேணும், அப்ப கீழ இருந்து எதைத் தூக்கறது? நான் அன்னைக்குத் தூக்குனது ராமநாதபுரத்துல குடிதண்ணிக்கு ஒரு கிராமம் மறியல் பண்ண ஸ்டோரி. தூக்குறது ஒரே ஒரு கிளிக். ஆனா அந்த ஸ்ட்ரிங்கர் காலையில அம்பது கிலோமீட்டர் பைக்ல போய் எடுத்துட்டு வந்தது அது, அந்த ஊர்க்காரங்க ஏழு மணிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. எட்டு மணியில கட்டாயம் வைக்கறேன்னு அவருக்கு நானே போன் பண்ணிச் சொல்லுவேன், வைப்பேன். இந்த போனை நிறைய பேர் பண்றதில்ல, பண்ணணும்னு நான் நினைக்கறேன், ஏன்னா ஸ்ட்ரிங்கர்களுக்கு பல இடத்துல மாசச் சம்பளமே கிடையாது, ஸ்டோரிக்கு இவ்வளவுன்னுதான், அவங்க இல்லன்னா மாவட்டச் செய்தின்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல.

அடுத்தது ஃப்ளாஷ். சிவப்பு பட்டையில நாலு வார்த்தை போடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் சொல்லுவேன் போடாம இருக்கத்தான் நெஞ்சுரம் வேணும். 2016 டிசம்பர் 5 ஞாபகம் இருக்கா? ஜெயலலிதா அப்போலோல இருந்தாங்க, முந்தின நாள் சாயங்காலம் கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயத்துடிப்பு நின்னுபோச்சுன்னு அறிவிச்சிருந்தாங்க. அஞ்சாம் தேதி சாயங்காலம் அஞ்சரை மணி வாக்குல சில சேனல்கள்ல இறந்துட்டாங்கன்னே போட்டுட்டாங்க, அதிமுக தலைமை அலுவலகத்துல கொடியை அரைக்கம்பத்துல இறக்கிட்டாங்க, கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரி மறுத்துச்சு, கொடியைத் திரும்ப ஏத்தினாங்க. அன்னைக்கு நான் டியூட்டில இருந்தேன். எங்க டெஸ்க்ல எல்லாரும் எழுந்து நின்னுட்டோம், பக்கத்து மானிட்டர்ல மத்த சேனல் ஒவ்வொண்ணா மாறுது, டெம்ப்ளேட்ல வரி அடிச்சு ரெடியா இருக்கு, ஒரு என்டர் தட்டினா போதும். எங்க ஷிஃப்ட் இன்சார்ஜ் கேட்டது ஒரே கேள்வி, "ஆஸ்பத்திரி சொல்லுச்சா?" இல்ல சார். "அரசு சொல்லுச்சா?" இல்ல சார். "அப்ப கையை எடு". கையை எடுத்துட்டேன். அந்த அரை மணி நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் அதுக்கப்புறம் பார்க்கல, மேலிடத்துல இருந்து போன் மேல போன், ஏன் நம்மகிட்ட மட்டும் வரலன்னு. ஜெயலலிதா அன்னைக்கு ராத்திரி 11:30-க்கு இறந்ததா நள்ளிரவுக்கு மேல அறிவிப்பு வந்துச்சு. அந்த ஆறு மணி நேரத்துல மாநிலம் முழுக்க கடை அடைச்சு, பஸ் நின்னு, ஜனங்க ரோட்டுல ஓடினதை நினைச்சுப் பாருங்க, ஒரு என்டர் பட்டனோட எடை அது.

வேகத்துக்கு இவ்வளவு நெருக்கடி ஏன்னா ரேட்டிங். எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு கணக்கெடுக்குற பார்க் (BARC) அமைப்போட நம்பர் வியாழக்கிழமை வரும், அன்னைக்கு ஆபீஸோட முகமே வேற. 2020 அக்டோபர்ல நியூஸ் சேனல் ரேட்டிங்கை நிறுத்தி வச்சாங்க, 2022 மார்ச்லதான் திரும்ப குடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த இடைவெளியில நாங்க ஹெட்லைன் மீட்டிங்ல பேசினதே வேற மாதிரி இருந்துச்சு, விவசாயம், பள்ளிக்கூடம்னு ஸ்டோரி மேல ஏறுச்சு, எனக்கு அது நல்ல காலம்.

தொடர் லைவ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2019 அக்டோபர் 25, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் குழந்தை ஆழ்துளைக் கிணத்துல விழுந்தது. 29-ம் தேதி அதிகாலை உடலை எடுக்கற வரைக்கும் எல்லா சேனல்லயும் விடாம அதுதான், நடுவுல தீபாவளி வந்து போச்சு. மணிக்கணக்கா ஒரே காட்சி, புதுசா எதுவும் நடக்கல, ஆனா ஸ்கிரீன்ல எதையாவது காட்டணும். அந்த நேரத்துலதான் டெஸ்க் சோதனைக்கு உள்ளாகும். குழிக்குள்ள விட்ட கேமராவுல தெரிஞ்ச அந்தக் கையோட காட்சியை லூப்ல ஓட்டலாமா, அந்தத் தாயோட முகத்தை எத்தனை தடவை குளோஸப்ல காட்டுறது? எனக்கும் இன்னொரு புரொட்யூசருக்கும் பெரிய வாக்குவாதம், ஜனங்க பார்க்க ஆசைப்படறாங்கன்னு அவர், பெத்தவங்களும் பார்ப்பாங்கன்னு நான். கடைசியில வைட் ஷாட் மட்டும், டிரில்லிங் விவரம், எவ்வளவு ஆழம், என்ன பாறைன்னு கிராஃபிக்ஸ், இதுதான்னு முடிவாச்சு. எல்லா மணி நேரமும் அதைக் கடைபிடிச்சோம்னு சொல்ல மாட்டேன், ஷிஃப்ட் மாறினா முடிவும் மாறும். இன்னைக்கு கேட்டாலும் வைட் ஷாட் மட்டும் போதும்னுதான் நான் சொல்வேன்.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், இதை காலேஜ்ல சரியா சொல்லிக்குடுக்கறதில்ல. குழந்தைகள் மேல நடக்குற பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையோட அடையாளத்தை வெளிய சொல்லக்கூடாது, பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்ட பெரியவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவுல 72-வது பிரிவு, முன்னாடி ஐபிசி 228ஏ. முகத்தை மறைச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஒரு தடவை புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தங்க முகத்தை அழகா மறைச்சுட்டு, "இந்தக் கிராமத்துல டெய்லர் கடை வச்சிருக்குறவரோட மகள்"னு ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தாங்க. ஒரு கிராமத்துல எத்தனை டெய்லர் கடை இருக்கும்? யூனிஃபார்ம் கலர், வீட்டு வாசல் கோலம், பக்கத்து வீட்டு பைட், அப்பாவோட குரல், எல்லாமே அடையாளம்தான். பரீட்சை ரிசல்ட் நாட்கள்ல தற்கொலைச் செய்தி வரும், எப்படிங்கிறதை எழுதவே எழுதாதீங்க, காரணத்தை ஒத்தை வரியில முடிச்சுடாதீங்க, 104 ஹெல்ப்லைன் நம்பர் கண்டிப்பா ஸ்கிரீன்ல இருக்கட்டும். தேர்தல்ல ஓட்டுப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரம் பிரசாரமா எதையும் ஒளிபரப்பக்கூடாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126, பழைய கூட்டத்தோட ஃபைல் விஷுவல்ல சின்னம் தெரிஞ்சாலே பிரச்னையாகலாம்.

கஷ்டங்களையும் மறைக்கல. காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்துன்னு ஷிஃப்ட் சுத்தும், பொங்கல் தீபாவளிக்கு ஊருக்குப் போறது முறை வச்சுத்தான். ஆரம்பச் சம்பளம் உங்ககூட படிச்சு ஐடிக்குப் போனவங்களோட ஒப்பிட்டா மனசு வலிக்கும். அம்மாகிட்ட டிவியில வேலைன்னு சொன்னா எப்ப வருவேன்னு கேட்பாங்க, முகம் ஸ்கிரீன்ல வராது. முதுகுவலி வரும், நைட் ஷிஃப்ட்ல டீயா குடிச்சு வயிறு கெட்டுப்போகும், தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட்டர் ஆசை இருந்தா அதை விட வேண்டாம், ஆனா ரெண்டு வருஷம் டெஸ்க்ல இருந்துட்டு ஃபீல்டுக்குப் போனவங்க அனுப்புற மெட்டீரியலே தனியா தெரியும், எந்த ஷாட் இல்லாம எடிட்டர் தவிப்பார்னு அவங்களுக்குத் தெரியும், பைட்டை எங்க வெட்டலாம்னு மனசுலயே கணக்கு போட்டு கேள்வி கேட்பாங்க. நான் போகச் சொல்லுவேன்.

எடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் வைப்பாங்க, பெரும்பாலும் ஒரு பத்திரிகைச் செய்தியையோ அரசு அறிக்கையையோ குடுத்து 30 செகண்டுக்கு எழுதச் சொல்வாங்க, இங்கிலீஷ் ஏஜென்சி காப்பி ஒண்ணை தமிழாக்கச் சொல்வாங்க, தமிழ்99 இல்ல ஃபொனெட்டிக், ஏதாவது ஒரு கீபோர்டுல வேகமா அடிக்கத் தெரியணும், ல ள ழ, ர ற பிழை இருந்தா அங்கேயே கழிச்சுடுவாங்க. அதுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். இன்னைக்கு ஏழு மணி செய்தியை சத்தமில்லாம பாருங்க, டீக்கடையில, சலூன்ல, பஸ் ஸ்டாண்டுல ஜனங்க அப்படித்தான் பார்க்கறாங்க. ஒரு ஸ்டோரியை எடுத்துக்கிட்டு விஷுவலையும் கீழ வர்ற எழுத்தையும் மட்டும் வச்சு உங்க பாணியில 55 வார்த்தை எழுதுங்க, எழுதினதை ஸ்டாப் வாட்ச் வச்சு வாய்விட்டுப் படிங்க, அப்புறம் அதே புல்லட்டினை யூடியூப்ல சத்தத்தோட போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. பத்து நாள் பண்ணுங்க. எழுதினதுல ரெண்டு மூணு எனக்கு அனுப்புங்க தம்பி, திருத்தி அனுப்பறேன்.